மடியில் கட்டிய கீரை

வேளாண்மைப் பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

நானும் வேளாண்மை படித்தவன். படிப்பு முடிந்த வருஷம், ஒரு கரிசல் காட்டு வரப்பில் குறிப்பேட்டோடு நின்று, பருத்திக்கு நடுவே முளைத்திருந்த களைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். களையெடுக்க வந்த அம்மா ஒருவர், நான் எழுதிய அதே செடியில் கொழுந்தை மட்டும் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன். "பண்ணைக்கீரை தம்பி. ராத்திரி கடைஞ்சா கம்பஞ்சோத்துக்கு நல்லாருக்கும். பூ வச்சிட்டா நார் பாஞ்சிரும்" என்றார். அதன் தாவரவியல் பெயர் செலோசியா அர்ஜென்டியா என்பது எனக்குத் தெரியும். அதைத் தின்னலாம் என்பது தெரியாது. மழை பெய்தபின் விதைக்காமல் கிடைக்கும் உணவை அந்த அம்மா பருவம் பார்த்துக் கிள்ளத் தெரிந்துவைத்திருந்தார். அன்றுதான் என் இரண்டாவது படிப்பு தொடங்கியது.

அப்படி உழவரிடம் மறுபடி படிக்கப் போனவர் இன்னொருவரும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே நடந்த ஆராய்ச்சி, வானம் பார்த்த பூமியில் பாடுபடும் ஏழை உழவருக்கு உதவவில்லை என்று கண்டு வேலையை விட்டார். பிறகு வாழ்நாளெல்லாம் உழவர்களிடையே நடந்தார். 2004-ல் சுனாமி நாகப்பட்டினத்து வயல்களில் உப்பைக் கொட்டிப் போனபோது, அந்த நிலங்களை மீட்கும் பணியில் முன்நின்றார். தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரச் செடி அதற்குக் கைகொடுத்தது.

அந்தத் தக்கைப்பூண்டை ஒருமுறை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகும் மிளகுமாய் முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். காற்றிலுள்ள தழைச்சத்தை அங்கே நுண்ணுயிர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அந்த நிறமே அடையாளம். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். நகத்தில் அந்தச் சிவப்பு ஒட்டும்போதுதான் மண்ணுக்கு உயிர் உண்டு என்பது மனதில் இறங்கும். பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், அந்தச் செடி தான் சேர்த்ததையெல்லாம் மண்ணுக்கே கொடுத்துவிடுகிறது.

மனிதரும் அப்படி வாழ முடியும் என்று காட்டியவர் திருத்துறைப்பூண்டி பக்கத்து நெல் ஜெயராமன். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா என்று 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். உழவருக்கு 2 கிலோ விதை நெல் கொடுப்பார்; அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018-ல் மறைந்தார். அவர் கொடுத்த விதைகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

மாணவச் செல்வங்களே, நிலத்தை நம்பி வாழ்வதென்றால் அதனிடம் வாங்குவதும் அதற்குத் திருப்பிக் கொடுப்பதும் சேர்ந்ததுதான். நீங்கள் அலுவலகத்துக்குப் போனாலும் வயலுக்குப் போனாலும், ஒரு கைப்பிடி நிலத்தில் உங்கள் சாப்பாட்டுக்கு ஏதாவது ஒன்றை நீங்களே விளைவியுங்கள். ஊரில் களையெடுக்கும் பாட்டியோடு ஒரு நாள் குனிந்து நடந்து, அவர் மடியில் கட்டும் கீரைகளின் பெயர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குப் பின் அவற்றைச் சொல்ல ஊரில் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.