நினைவை விலையாகக் கொடுத்த வாழ்வு
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழா என்பது நினைவின் விழா. கூடிய கூட்டங்களையும் அரங்கேறிய கவிதைகளையும் மறைந்துபோன நண்பர்களையும் நினைவுகூர்வதற்காகவே இத்தகைய மலர்கள் வெளிவருகின்றன. புதிய நினைவு ஏதும் சேராமல் ஐம்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரைப் பற்றி இவ்வவையில் பேசுவது, ஆதலால், பொருத்தமற்றதாகாது.

அவர் பெயர் ஹென்றி மொலேசன். 1926ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். பெற்றோர்க்கு ஒரே மகன். பத்து வயதளவில் சிறு வலிப்புகளும் பதினைந்தாம் வயதில் பெருவலிப்பும் அவரைப் பற்றின. பள்ளிப் படிப்பு தடைப்பட்டுத் தடைப்பட்டு இருபத்தொன்றாம் வயதில்தான் நிறைவுற்றது. மருந்துகளை எவ்வளவு கூட்டியும் பயனில்லை; வேலைக்குச் செல்வதும் இயலாமற் போயிற்று. தமிழகத்துச் சிற்றூர்களில் 'காக்காய் வலிப்பு' என்று சொல்லி, விழுந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். அந்நோயாளியின் அச்சமும், சுற்றத்தாரின் கூச்சமும், அடுத்த வலிப்பு எப்போது வருமோ என்ற காத்திருப்பும் எந்நாட்டிலும் ஒன்றே.

1953ஆம் ஆண்டு, ஹார்ட்ஃபோர்டு நகர மருத்துவமனையில் வில்லியம் ஸ்கோவில் என்னும் அறுவை மருத்துவர், மொலேசனின் மூளையில் பொட்டுப் பகுதியின் உட்புறத்தை இரு பக்கங்களிலும் அகற்றினார். கடற்குதிரையின் வடிவை ஒத்திருப்பதால் ஹிப்போகாம்பஸ் என்று பெயர்பெற்ற உறுப்பின் பெரும்பகுதி அதனுடன் போயிற்று. அப்போது அவருக்கு வயது 27. பெருவலிப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால், அன்று முதல் நடந்த எதுவும் அவர் நெஞ்சில் தங்கவில்லை. செவிலியர் முகம், உண்ட உணவு, படித்த இதழ், சில நிமிடங்களுக்கு முன் நிகழ்ந்த உரையாடல் ஆகிய எல்லாம் வந்த வேகத்திலேயே மறைந்தன.

மான்ட்ரியால் நகரிலிருந்து வந்து அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார், ஸ்கோவிலுடன் இணைந்து 1957இல் வெளியிட்ட கட்டுரை, நினைவாற்றல் ஆய்வின் திருப்புமுனை எனலாம். மொலேசனின் அறிவுத்திறன் குன்றவில்லை. 1955இல் நடந்த சோதனையில் அது 112 எனக் கணிக்கப்பட்டது. மொழியும் பண்பும் நகைச்சுவையும் பழுதின்றி இருந்தன. இளமைக் காலத்துச் செய்திகள் பலவும் நினைவில் நின்றன. 584 என்னும் எண்ணை, அதன் இலக்கங்களை மனத்துக்குள் ஓயாமல் கூட்டியும் கோத்தும், கால்மணி நேரம் பற்றிக்கொண்டிருந்தார். கவனம் சிறிது திரும்பியதும், எண் மட்டுமன்று, எண் ஒன்றை வைத்திருக்கச் சொன்னார்கள் என்பதே மறைந்தது.

கவிஞர்கள் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று இங்கு உண்டு. கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஒரு விண்மீன் வடிவத்தின் விளிம்பில் கோடிழுக்குமாறு அவரிடம் சொல்லப்பட்டது. மூன்று நாட்களில் அவருடைய கை அதனை நன்கு கற்றுக்கொண்டது. ஆனால், அத்தகைய பயிற்சியைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. செய்தியாகத் தங்கும் நினைவு வேறு, பழக்கமாகத் தங்கும் நினைவு வேறு என்பது இவ்வாறு புலனாயிற்று. வெண்பாவின் ஓசை செவியில் நிலைத்துவிட்ட ஒருவர், அதனை எந்நாளில் எவரிடம் கற்றோம் என்பதை மறந்திருக்கலாம், ஓசை தவறாது. மொலேசனிடம் எஞ்சியதும் இத்தகைய கற்றலே.

சொற்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அவர் குறுக்கெழுத்துப் புதிர்களில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். 1953க்கு முன் அறிந்த சொற்கள் அவருக்குத் துணைநின்றன. அதன்பின் மொழியில் புகுந்த சொற்களின் பொருளையோ அவரால் அரிதாகவே அறிய முடிந்தது. புதுச்சொற்களைக் கற்பிக்க முயன்ற ஆய்வும் பயனளிக்கவில்லை என்பதை 1988இல் வெளியான கட்டுரை ஒன்று விளக்குகிறது. மொழி நாள்தோறும் வளர, ஒருவருடைய அகராதி மட்டும் ஓராண்டின் பக்கத்தில் மூடப்பட்டுவிட்டது.

துயரங்களும் அவ்வாறே. மாமன் ஒருவர் இறந்த செய்தியைக் கேட்கும்போதெல்லாம் அவர் புதிதாகக் கலங்கினார். தந்தை 1966இல் காலமானார். பிற்காலத்தில், தந்தை மறைந்தார், தாய் முதியோர் இல்லத்தில் நலமாக இருக்கிறார் என்னும் குறிப்பைத் தம் கைப்பையில் வைத்திருந்தார். பிறர் மனத்தில் சுமப்பதை அவர் ஒரு துண்டுத்தாளில் சுமந்தார். துயரை மறப்பது வரமென்று பாடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். மறப்பதற்கும் முதலில் நினைவு வேண்டும். நினைவில் தங்கித் தேய்ந்த துயரமே ஆறுகிறது. தங்காத துயரம் ஒவ்வொரு முறையும் முதல்நாளின் கூர்மையோடு வருகிறது.

இவ்வரலாற்றைக் கேட்டு, வலிப்பு நோய்க்கு அறுவை மருத்துவமே தகாது என்று முடிவுகட்டுவது பெரும்பிழையாகும். மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1952ஆம் ஆண்டிலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இம்மருத்துவத்தைத் தொடங்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் இது முறையாக நடைபெற்று வருகிறது. இருபுறமும் அகற்றுவதன் கேட்டை ஸ்கோவிலே எழுதி மற்றவர்களை எச்சரித்தார். இன்று ஒருபுறத்தில் மட்டுமே, அதுவும் மொழியும் நினைவும் எப்பக்கத்தைச் சார்ந்துள்ளன என்று பலவகையாகச் சோதித்த பின்னரே, கத்தி வைக்கிறார்கள். கனடாவில் எண்பது நோயாளிகளிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில், அறுவைக்குரிய பிரிவினருள் 58 விழுக்காட்டினர் உணர்விழக்கச் செய்யும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தனர். மருந்து மட்டும் உண்டோருள் 8 விழுக்காட்டினரே.

எனினும், விடுபட்டோர்க்கும் பின்விளைவுகள் உண்டு. இடப்புறப் பொட்டுப் பகுதியில் அறுவை செய்துகொண்டோர் சிலர்க்குப் பெயர்கள் நாவில் வர மறுக்கின்றன. பொருள் கண்முன் இருக்கும், பயன் தெரியும், சொல் மட்டும் வராது. சிலர்க்குப் பார்வையின் மேற்புறத்தில் ஒரு பக்கம் குறைகிறது. மாத்திரைகள் பெரும்பாலும் உடனே நிற்பதில்லை.

இவற்றினும் நுட்பமான இன்னல் ஒன்றை, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள் கண்டு, இயல்புநிலையின் சுமை என்று பெயரிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் நோயாளி என்றே வாழ்ந்தவர் ஒருநாள் நோயற்றவராகிறார். துணையின்றி வெளியே அனுப்பத் தயங்கிய வீட்டார், இனி உழைக்கலாமே, மணம் செய்துகொள்ளலாமே என்கிறார்கள். நோயைக் காரணங்காட்டி ஒத்திவைத்த வாழ்வு முழுதும் ஒரே நாளில் வாயிலில் வந்து நிற்கிறது. காத்துநின்ற தாய்க்கும் மனைவிக்கும் தங்கள் பணி போய்விட்டதைப் போன்ற வெறுமை தோன்றுகிறது. நலம் என்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றே. அறுவை செய்துகொண்டு வீடு திரும்பியவரைப் பார்க்கச் செல்வோர், 'இனி என்ன குறை?' என்று கேட்டுவிடாமல் இருப்பது நலம். அவர் சொல்லைத் தேடும்போது, முந்திக்கொண்டு எடுத்துக்கொடுக்காமல் சற்றுப் பொறுத்திருப்பதும் நலம்.

மொலேசன் 1980 முதல் வின்ட்சர் லாக்ஸ் என்னும் ஊரின் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்து, 2008 டிசம்பரில் தம் 82ஆம் வயதில் காலமானார். அவருடைய மூளை 2009இல் 2401 மெல்லிய சீவல்களாக்கப்பட்டு ஆய்வுக்காகப் பாதுகாக்கப்பட்டது. வாழ்நாளில் அவருடைய அந்தரங்கம் கருதி, அறிவியல் ஏடுகள் எச்.எம். என்னும் இரண்டெழுத்தாலேயே அவரைக் குறித்தன; இறந்த பின்னரே முழுப்பெயர் உலகறிய வெளிவந்தது. தம்மிடம் கற்பவை பிறர்க்குப் பயன்பட வேண்டும் என்பதே அவர் மீண்டும் மீண்டும் சொன்ன விருப்பம். முன்பு சொன்னது நினைவில்லாமலே, ஒவ்வொரு முறையும் அதையே அவர் சொன்னார். நினைவு போயினும் நற்குணம் போகவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நினைவிழந்தவனைக் காலத்தின் குறியீடாகவும் வெறுமையின் உருவகமாகவும் பாடுவது எளிது. அந்தக் குறியீட்டுக்குள் ஒரு மனிதர், தந்தையின் மறைவை எழுதிய தாளோடு இருந்தார் என்பதை மறவாமல் பாடுவதே கடினம். தம் நாட்களைத் தாமே நினைவில் வைக்க இயலாதவரை, அவர் பெயரைச் சொல்லிப் பிறர் நினைவில் வைக்கலாம். பத்தாண்டுகளாகச் சொற்களையும் மனிதர்களையும் மறவாது காத்துவரும் இவ்வட்டம், அந்நினைவோர் வரிசையில் ஹென்றி மொலேசனுக்கும் ஓரிடம் தருமாக.