காற்றை எடை போடும் வண்டி

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நாம் மத்ரஸாவில் ஓதி, கல்லூரியில் வணிகவியல் படித்தவர்கள். வேதியியலோடு நமக்கிருந்த உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. இந்தத் தலைப்பு நமக்கெதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். போன மாதம் மருத்துவ உதவிக்கு மனுக் கொடுக்க வந்த ஒரு தாயார், "ராத்திரியானா ஒரு வாடை வருதுண்ணே, பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. கேட்டா காத்து நல்லாத்தான் இருக்குங்கறாங்க" என்றார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. நமது உதவித்தொகையில் முதுகலை வேதியியல் படிக்கும் பெண்பிள்ளையிடம் கேட்டோம். அவர் ஒரு மாலை முழுதும் நம்மை மாணவனாக உட்கார வைத்துவிட்டார்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "எதை, எங்கே, எப்போது அளந்தார்கள்?" பென்சீன் போன்ற வாயுக்களை அளக்க, ஓரிடத்தில் பாத்திரம் வைத்து 24 மணி நேரக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது பழைய முறை. இரவில் பத்து நிமிடம் வந்துபோன வாடை, அந்தக் கலவையில் கரைந்து சராசரியாகிவிடும்.

இப்போது ஆய்வகத்தையே வேனில் ஏற்றிவிட்டார்கள். கூரைமேல் ஒரு குழாய், உள்ளே நிறை நிறமாலைமானி என்னும் கருவி. பெயர்தான் மிரட்டுகிறது, வேலை தராசு வேலைதான். 1990களில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் வெர்னர் லிண்டிங்கர் குழுவினர் உருவாக்கிய முறையை எடுத்துக்கொள்வோம். நீராவியில் மின்னூட்டம் ஏற்றி, உறிஞ்சிய காற்றோடு கலக்கிறார்கள். அந்த நீர்த்துகளிடம் ஒரு புரோட்டான் உபரியாக இருக்கும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதை வாங்கிக்கொள்ளாது, பென்சீன் வாங்கிக்கொள்ளும். 78 என்ற அதன் எடை 79 ஆகும். பிறகு எல்லாவற்றையும் மின்விசையால் ஒரே தள்ளாகத் தள்ளினால் லேசானது முந்தி வரும், கனமானது பிந்தி வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து எடை தெரிகிறது. நொடிக்கு ஒரு கணக்கு எடுத்து, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 10 மீட்டருக்கு ஒரு கணக்கு கிடைக்கும். ஏறத்தாழ வீட்டுக்கு வீடு!

இதனால் என்ன பயன்? அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்தைன் என்ற சிற்றூர். (பெயரைக் கேட்டதும் நமக்கும் நெஞ்சு ஒரு கணம் துடித்தது. ஆனால் இது வேறு ஊர்.) 2023 பிப்ரவரி 3 அன்று ரசாயனம் ஏற்றிய சரக்கு ரயில் அங்கே தடம் புரண்டது. 6ஆம் தேதி ஐந்து டேங்கர்களிலிருந்த வைனைல் குளோரைடை வேண்டுமென்றே எரித்தார்கள். 8ஆம் தேதி மக்கள் வீடு திரும்பலாம் என்றார்கள். கவலைப்படும் அளவில் எதுவும் இல்லை என்று அரசு முகமை சொன்னது. மக்களோ தலைவலி, கண் எரிச்சல், வாடை என்றார்கள்.

டெக்ஸாஸ் ஏ அண்ட் எம், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் பிப்ரவரி 20, 21 தேதிகளில் இப்படியொரு வண்டியைத் தெருத்தெருவாக ஓட்டினார்கள். பென்சீனும் வைனைல் குளோரைடும் சராசரியில் ஆபத்து வரம்புக்குக் கீழேதான் இருந்தன. அதில் அரசு சொன்னது பொய்யில்லை. ஆனால் அக்ரோலின் என்ற பொருள், சில இடங்களில் சுற்றுவட்டாரக் கிராமக் காற்றைவிட ஆறு மடங்கு வரை இருந்தது. அடுப்பில் எண்ணெய் மிதமிஞ்சிக் காய்ந்தால் கண்ணைக் கரிக்குமே, அந்தப் புகையிலும் இருப்பது இதுதான். இதே அளவு நீடித்தால் உடல்நலக் கவலை வரலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

கருவி எல்லாம் அறிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குத் தெரிந்தது எடை மட்டும். சைலீனுக்கும் எத்தில்பென்சீனுக்கும் எடை 106தான். இரண்டு மூட்டையும் ஒரே எடையென்றால் உள்ளே அரிசியா சீனியா என்று தராசு எப்படிச் சொல்லும்? விலையும் நம் கற்பனைக்கு எட்டாதது. வண்டி வந்த நேரத்தில் வாடை இல்லையென்றால் கணக்கிலும் இராது.

அதனால்தான் அந்தத் தாயாரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறோம். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, பிள்ளைக்கு என்ன ஆனது என்று எழுதச் சொன்னோம். எந்த வண்டியை எந்த மணிக்கு எந்தத் தெருவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதானாலும், அந்த விவரம் அங்கே வசிப்பவரிடம்தான் இருக்கிறது. அதே தெருவில் இன்னும் நான்கு வீட்டார் எழுதினால் மனுவோடு இணைக்கலாம். நோட்டுகள் அலுவலகத்தில் இருக்கின்றன, அஸருக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு அந்தப் பெண்பிள்ளை ஞாயிறுதோறும் வந்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.