எவர்கிரீன் என்றால் இலை கொட்டாது என்று அர்த்தமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தில் அடுத்து வரப்போவது, பூங்கா ஓரத்தில் இருக்கும் இரண்டு மகிழ மரங்களை வெட்டுவது பற்றிய தீர்மானம். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசச் செயலாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். காரணம், இந்தச் சிக்கலை ஆரம்பித்து வைத்தவன் நான்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்பு கன்று வாங்கப் போனபோது நர்சரிக்காரர், "இது எவர்கிரீன் சார்" என்றார். நான் இங்கே வந்து, "எவர்கிரீன் மரம், இலையே கொட்டாது, பெருக்கும் வேலை மிச்சம்" என்று சொன்னேன். நர்சரிக்காரர் சொன்னது சரி. நான் சொன்னதுதான் தப்பு.

நம்மில் பலருக்கு அந்தச் சொல் ரேடியோ வழியாக வந்தது. எவர்கிரீன் பாடல்கள், எவர்கிரீன் நடிகர். என்றைக்கும் மாறாதது என்று பொருள் வைத்துக்கொண்டோம். பாட்டுக்கு அது பொருந்தும். மரத்துக்குப் பொருந்தாது.

இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் பெரும்பாலான மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். அப்போதும் பச்சையாக நிற்கிற சில மரங்களைத்தான் அவர்கள் எவர்கிரீன் என்றார்கள். இலை உதிராத மரம் என்று அவர்கள் சொல்லவில்லை. மொட்டையாகாத மரம் என்றார்கள். எவர்கிரீன் மரத்திலும் ஒவ்வோர் இலைக்கும் ஆயுள் உண்டு. பழையது விழும்போது புதியது ஏற்கெனவே வந்திருக்கும். கூட்டுக் குடும்பம் மாதிரி. ஆட்கள் போவார்கள், வருவார்கள். வீடு மட்டும் காலியாக இருக்காது.

நம் தெருவிலேயே வித்தியாசத்தைப் பார்க்கலாம். வாதாங்கொட்டை மரம் இலையெல்லாம் சிவந்து மொத்தமாகக் கொட்டிவிடும். அரச மரமும் கோடையில் சில நாள் மொட்டையாகிப் பிறகு செப்பு நிறத்தில் துளிர்க்கும். இவை இலையுதிர் மரங்கள். மகிழம், நாவல், புன்னை இவையெல்லாம் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். அதனால்தான் தினமும் பெருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் நிழல் தருவதும் அதே காரணத்தால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சொல் நம் ஊருக்கு அந்நியம் இல்லை. சோழமண்டலக் கடற்கரையின் இயற்கையான காட்டுக்கே வனவியலில் 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்று பெயர். மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை பச்சையாகவே நிற்கும். இலைகள் தடித்து, தோல் போல் பளபளப்பாக இருப்பதால் தண்ணீரை எளிதில் விடாது. ஈசிஆரில் மரக்காணம் போகும் வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் மிஞ்சிய காடு அது. கீழே இலைச் சருகு மெத்தை போல் கிடக்கும். அதை யாரும் பெருக்குவதில்லை.

சருகு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது இந்தச் செம்மண் மேட்டில் மரங்கள் மிகவும் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணை அரித்துக்கொண்டு கடலுக்குப் போகும். பொம்மையார்பாளையம் பக்கம் இன்று ஆட்கள் போட்டோ எடுக்கப் போகிற செம்மண் பள்ளங்கள் அப்படி அரித்து உண்டானவைதான். வரப்புக் கட்டி மரம் வைத்த பிறகுதான் இந்த மேட்டில் மண் நின்றது.

சரி, சாக்கடை அடைக்கிறது என்ற புகார் நியாயமானது. பெருக்கும் அம்மாவுக்கு இடுப்பு வலி என்பதும் நியாயமானது. அதற்கு மரத்தை வெட்டத்தான் வேண்டுமா? நான் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, மழைக்காலத்துக்கு முன் சாக்கடை வாயில் கம்பி வலை போடலாம். வலைக்கான செலவை நான் தருகிறேன். இரண்டு, பெருக்கிய சருகை எரிக்காமல் மரத்தடியிலேயே மூடாக்காகப் போடலாம். மிஞ்சியதைப் பூங்கா மூலையில் குழி வெட்டிச் சாணிக் கரைசல் தெளித்து மூடலாம். மகிழ இலை தடிப்பானது, மக்கக் கொஞ்சம் நாளாகும், பொறுக்க வேண்டும். மூன்று, சனிக்கிழமை காலை பெருக்கும் வேலையை வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துச் செய்யலாம். முதல் மாதம் முழுக்க என் முறை.

அடுத்த கூட்டம் வரை பார்ப்போம். சரிவரவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டுப் போடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். தப்பாகச் சொன்னவன் நான். அதற்கு அந்த மரங்கள் தண்டனை அனுபவிக்க வேண்டாம்.