விருப்பமில்லை என்று சொல்லும் பிள்ளை

 

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் கைதாகி, மீட்புப் பணம் செலுத்த இயலாதிருந்த எழுத்தறிவுடையோர், 10 சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற நபி (ஸல்) அவர்கள் வழிசெய்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். வறுமையிலும் பொருளை விடக் கல்வியைப் பெரிதாய் மதித்த சமூகம் அது.

நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. ஆயினும் விஞ்ஞான முகாமும் கண்காட்சியும் ஒலிம்பியாட் போட்டியும் பெரும்பாலும் ஊருக்கு வெளியே நடைபெறுகின்றன. பஸ் கட்டணத்துக்கும் பகலுணவுக்கும் வழியற்ற பிள்ளை, "எனக்கு விருப்பமில்லை" என ஒதுங்குகிறது. பெற்றோரின் கஷ்டத்தை மறைக்கவே அது அவ்வாறு கூறுகிறது.

பெற்றோர்களே! அச்சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆசிரியரிடம் விசாரியுங்கள், பிள்ளையின் கல்விக்காக உதவி கேட்பது இழுக்காகாது.

விஞ்ஞானம் கற்ற வாலிபர்களே! வாரத்தில் ஒரு மாலையை ஏழைச் சிறார்களுக்கு ஒதுக்குங்கள். சப்பாத்துப் பெட்டியில் ஊசித் துளையிட்டு, சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைதம் ஆராய்ந்த ஒளியின் இயல்பை அவர்களுக்குக் காட்டலாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! ஸதகா நிதியில் ஒரு பங்கைப் பயணச் செலவுக்கு ஒதுக்குங்கள். பெறுபவரின் பெயரை அறிவிக்காது வழங்குங்கள். பிள்ளையின் மானமும் அமானிதமே.

அல்லாஹ் நம்மனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.