யாருடைய பணிமூப்பு? அம்பத்தூர் குப்பையும் மாறிவரும் ஒப்பந்தங்களும்
(எல்.சி. குருசாமி நினைவுச் சொற்பொழிவு)



இலக்கிய மேடையில் குப்பை டெண்டரைப் பற்றிப் பேசலாமா என்று அமைப்பாளர்களிடம் கேட்டோம். வேறு எந்த மேடையில் பேசப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். குருசாமி பெயரில் நடக்கும் கூட்டத்தில் அப்படிக் கேட்பதுதான் முறை. 1920களில் சென்னை மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினராக இருந்தவர் அவர். அருந்ததியர் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தியவர். தெருக் கூட்டுவதற்கென்றே பிறந்தவர்கள் என்று நகரம் நம்பிக்கொண்டிருந்த ஒரு மக்களின் கையில் சிலேட்டைக் கொடுத்தவர். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள் போய்விட்டன. இன்று அம்பத்தூரில் விடியற்காலை விளக்குமாறு யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

அம்பத்தூரை நாம் தொழிற்பேட்டை ஊராக அறிவோம். 1964இல் பேட்டை வந்தது. லேத்தும் பிரஸ்ஸும் வந்தன, சங்கக் கொடிகளும் வந்தன. வேலை நிரந்தரம் என்ற சொல் இந்த ஊர்த் தொழிலாளிக்குப் புதிதல்ல. பக்கத்துத் தெருவைக் கூட்டியவருக்குத்தான் அந்தச் சொல் எட்டவே இல்லை. 2011 அக்டோபரில் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டு ஏழாவது மண்டலமானது. அதுவரை அத்திப்பட்டில் கொட்டிய ஊர் இது. பிறகு திருவொற்றியூர், மணலி, மாதவரம் மண்டலங்களோடு சேர்த்து அம்பத்தூரின் குப்பையும் ராம்கி குழுமத்தைச் சேர்ந்த சென்னை என்விரோ நிறுவனத்தின் கைக்குப் போனது.

ஒரு பெண்ணை நினைத்துப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் கள்ளிக்குப்பத்திலோ மங்களபுரத்திலோ தேடினால் இப்படிப் பலர் கிடைப்பார்கள். முதலில் சுயஉதவிக் குழு வழியாக நகராட்சிக்கு வேலை செய்கிறார். ஊர் மாநகராட்சியானதும் தினக்கூலி. பிறகு நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பெயரில், எல்லோரும் என்.யூ.எல்.எம். என்று சொல்லும் கணக்கில், ஒரு அட்டை. அதன் பிறகு கம்பெனி. தெரு அதே தெரு, சாக்கடை அதே சாக்கடை. மாறியது அட்டையின் நிறமும் சட்டையின் நிறமும்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் அவர் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவராகிறார். பதினைந்து ஆண்டு அனுபவம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. இந்த நகரத்தில் சாதிக்குப் பணிமூப்பு உண்டு, அதைச் சுமக்கிற ஆளுக்கு இல்லை என்பதைத்தான் இன்று நாம் சொல்ல வந்தோம்.

சென்னையில் இது புதிய கதையல்ல. 2000இல் மூன்று மண்டலங்களில் ஓனிக்ஸ் வந்தது, பிரெஞ்சுப் பன்னாட்டு முதலாளியின் பிள்ளை. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா, அதன் ஒரு கால் கொலம்பியாவில். 2012இல் ஐதராபாத்தின் ராம்கி. 2020இல் ஒன்பது முதல் பதினைந்து வரையிலான மண்டலங்களுக்கு ஸ்பெயினின் உர்பேசரும் சுமீத்தும் சேர்ந்த நிறுவனம். உலகத்தில் பாதி வந்து நம் குப்பையை அள்ளப் போட்டியிட்டது. குனிந்து அள்ளியவர்கள் மட்டும் எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை. கண்ணப்பர் திடலிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் வந்தார்கள். ஆதி ஆந்திரர், அருந்ததியர், பறையர். டெண்டரில் எங்கேயும் சாதி என்ற சொல் கிடையாது. அது இல்லாமலேயே தேர்வு சரியாக நடந்துவிடுகிறது.

ஒப்பந்தம் எதை அளக்கிறது என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், மாணவர்கள் குறிப்பாக. ஓனிக்ஸ் காலத்தில் பணம் டன் கணக்கில். எடை கூடினால் வரவு கூடும். அதனால் கட்டட இடிபாட்டையும் மண்ணையும் சேர்த்து எடை போடுகிறார்கள் என்ற புகார் ஆண்டுதோறும் எழுந்தது. குப்பை குறைந்தால் கம்பெனிக்கு நட்டம் என்கிற ஏற்பாட்டில் மறுசுழற்சி எப்படி நடக்கும்? 2020 ஒப்பந்தத்தில் இதை மாற்றினார்கள். டன் போய்ச் செயல்திறன் குறியீடு வந்தது. தொட்டி நிரம்பி வழிகிறதா, வீடு வீடாகப் போனார்களா, தரம் பிரித்தார்களா என்று மதிப்பெண் போட்டு, அதன்படி பணம். காகிதத்தில் இது மேலான முறைதான், ஒத்துக்கொள்வோம். ஆனால் மதிப்பெண் குறைந்தால் வெட்டு எங்கே விழும்? வண்டிக்கு வாங்கிய கடனைக் குறைக்க முடியாது, டீசலைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது ஆளும் கூலியும்தான். தரம் பிரிக்காமல் பையைக் கட்டிக் கொடுக்கும் வீட்டுக்காரர் தப்பித்துக்கொள்கிறார். அதை மூக்கருகே வைத்துப் பிரிக்கிற பேட்டரி வண்டிக்காரப் பெண்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

மறுசுழற்சியைப் பற்றியும் ஒன்று. அட்டை, பால் கவர், பிளாஸ்டிக் பாட்டில், பழைய இரும்பு ஆகியவற்றைக் காயலான் கடையில் போட்டுப் பெறும் சில்லறை, கூலிக்கு வெளியே இந்த மக்களுக்கு இருந்த ஒரே சொத்து. குப்பையை வளம் என்று அழைக்கத் தொடங்கியதும் அதற்கு உரிமையாளர் முளைத்துவிடுகிறார். நாற்றமாக இருக்கும்வரை அது நம்முடையது, விலை வந்ததும் அவர்களுடையது. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை பொறுக்கி வாழ்பவர்களை அமைப்புக்குள் சேர்க்கச் சொல்லியிருந்தன. புனேவில் 1993இல் தொடங்கிய பொறுக்குவோர் சங்கம், ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவை அமைத்து, மாநகராட்சியோடு தானே ஒப்பந்தம் போட்டது. பிரித்த பொருளை விற்கும் காசு அவர்களுக்கே. கொலம்பியாவின் போகோட்டா நகரில் 2011இல் அரசியல் சட்ட நீதிமன்றமே டெண்டரை நிறுத்தி, பொறுக்குவோரை ஒதுக்கிவிட்டு ஏலம் விடாதே என்றது. ஃபனால்காவின் நாட்டிலிருந்து நமக்குக் கம்பெனி வந்தது, அந்தத் தீர்ப்பு வரவில்லை.

2025 ஆகஸ்ட் 1 அன்று, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தவர்களை நாம் மறக்க முடியாது. ஏறத்தாழ 2,000 பேரின் வேலை அது, பெரும்பாலும் பெண்கள். 23,000 ரூபாய் அளவில் இருந்த மாதக் கூலி 16,000 அளவுக்கு இறங்கும் என்று கணக்குச் சொன்னார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அள்ளிக்கொண்டு போனது. மறுநாளே காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அரசு அறிவித்தது. அவர்கள் இட்லி கேட்கவில்லை. பதவி கேட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அம்பத்தூரில் பெண் பணியாளர்கள் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்த ஊர் அந்தப் போராட்டத்துக்கு வெறும் பார்வையாளர் அல்ல.

அந்த ஆகஸ்ட் 1க்கு இன்னொரு கணக்கும் உண்டு. சரியாக ஓராண்டுக்கு முன், 2024 ஆகஸ்ட் 1 அன்றுதான், அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இட ஒதுக்கீடு அரசுப் பதவியில்தான் பிடிக்கும். கீழ்மட்டப் பதவிகளையே ஒப்பந்தமாக்கிவிட்டால் 3 விழுக்காட்டை எதில் கணக்கிடுவது? 2022இல் வந்த அரசாணை 152 சென்னை அல்லாத மாநகராட்சிகளிலும் இதே வழியைத் திறந்தது. பக்கத்து ஆவடித் தோழர்களுக்கு இது தெரியும். அப்பன் நிரந்தரப் பணியாளராக இருந்து பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்கள் நம் சேரிகளில் உண்டு. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரிகளில் சிலர் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த ஏணியைத்தான் எடுக்கிறார்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சங்கங்கள் காட்டுகின்றன. கம்பெனி மாறும்போதெல்லாம் அந்த 480ஐப் புதிதாக எண்ணத் தொடங்குகிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில், பணியிடப் பாதுகாப்பு பற்றியதைப் படித்துப் பாருங்கள். முதன்மையான வேலையில் ஒப்பந்த ஆளை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, எது முதன்மை அல்ல என்ற பட்டியலில் முதல் இடத்தில் துப்புரவை வைத்திருக்கிறார்கள். கூட்டுவது, பெருக்குவது, எல்லா வகைக் குப்பையையும் சேகரித்து அகற்றுவது. அந்த நிறுவனம் இந்த வேலைக்காகவே அமைக்கப்படாதிருந்தால், என்று ஒரு நிபந்தனை மட்டும் இருக்கிறது. 1688 முதல் இருக்கும் மாநகராட்சி ஒன்று குப்பை அள்ளுவதற்காக அல்லாமல் வேறு எதற்காக அமைக்கப்பட்டது என்று கேட்கலாம். இந்த நிபந்தனையை வைத்து வழக்காட இடமிருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

2020இல் துப்புரவு என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தூய்மைப் பணியாளர் என்றார்கள். நல்ல சொல்தான். எழுத்தாளர்களான நமக்குச் சொல்லின் மேல் மதிப்பு உண்டு. சொல் மாறிய அடுத்த ஆண்டே, 2021 ஜனவரியில், நூற்றுக்கணக்கான என்.யூ.எல்.எம். பணியாளர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். நம் கதைகளில் இந்த மக்கள் மலக்குழியிலும் சாவிலும் வருகிறார்கள், வர வேண்டும். வருகைப் பதிவேட்டில், பி.எஃப். சீட்டில், மேஸ்திரியிடம் பேசும் பேச்சில், மாறிப்போன முதலாளியின் பெயரைத் தெரிந்துகொள்ள முடியாத குழப்பத்தில் வருவது குறைவு. சாவை எழுதிய அளவுக்கு நாம் சர்வீஸை எழுதவில்லை.

அதனால் ஒரு வேலையை இன்றே தொடங்குகிறோம். ஏழாவது மண்டலத்தின் 79 முதல் 93 வரையிலான வார்டுகளில், ஒவ்வொரு பணியாளரும் எந்த ஆண்டு எந்தத் தெருவில் முதலில் விளக்குமாறு எடுத்தார், அதன்பின் எத்தனை அட்டை மாறியது, எந்தெந்தக் கம்பெனி, எந்த மாதம் பி.எஃப். நின்றது என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவோம். பழைய அட்டையை யாரும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். கொரட்டூர், பாடி, ஒரகடம் பக்கம் போகிறவர்கள் காலை ஆறு மணிக்கு முன் போக வேண்டும், அதன்பின் அவர்களுக்குப் பேச நேரமிருக்காது. படிவங்கள் வாசலில் மேசை மேல் இருக்கின்றன. தெலுங்கு தெரிந்தவர்கள் தனியே பெயர் கொடுங்கள்.