வீடு தந்தார்கள், வீதி யார் பொறுப்பு?

(விசுவமடுவில் நடைபெற்ற மக்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பெரிய அரசியலைக் கேட்கலாம் என்று வந்தவர்கள் இன்று சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டும். கிரவல் வீதி, மதகு, கான், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே நாம் பேச வந்திருக்கிறோம். இவை அற்ப காரியங்கள் என்று எண்ணுவோர், மார்கழி மாதத்து இரவொன்றில் பிரசவ வேதனைப்படும் ஒரு பெண்ணை உள்ளொழுங்கையிலிருந்து பரந்தன் – முல்லைத்தீவு வீதிவரை கொண்டுவர முயன்று பார்க்கட்டும். அற்பமா அன்றா என்பது அரை மைலுக்குள் விளங்கிவிடும்.

விசுவமடு, வரைபடத்தினால் உண்டான ஊர். காடு வெட்டி, கல் நாட்டி, துண்டு துண்டாக அளந்து கொடுக்கப்பட்ட மண் இது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காணிக் கச்சேரி வைத்து அனுமதிப்பத்திரம் வழங்கும் முறை நாடெங்கும் வந்தது. 1960களில் இளைஞர் குடியேற்றத் திட்டம் இங்கே அமைந்தபோது, மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டு இந்த மேட்டுநிலத்தின் பெயரை யாழ்ப்பாணத்துச் சந்தைவரை கொண்டுபோனவர்கள் உங்கள் தந்தையர். 1977 இலும் 1983 இலும் தெற்கிலும் மலைநாட்டிலும் அடிபட்டு வந்தோர்க்கு வன்னிக் காடுகளே இடங்கொடுத்தன. 2009 சனவரியில் இவ்வூரே பெயர்ந்து கிழக்கு நோக்கி நடந்தது. பின்னர் முகாம்களிலிருந்து மீண்டு, கண்ணிவெடி அகற்றிய காணிகளில் தகரக் கூரையின் கீழ்க் குடியமர்ந்தீர்கள். அதன் பின்னரே வீட்டுத் திட்டங்கள் வரிசையாக வந்தன.

வந்த திட்டங்களை நாம் குறைகூறவில்லை. 2010 இல் அறிவிக்கப்பட்டு, 2012 ஒக்டோபர் முதல் பயனாளியின் கையிலேயே பணத்தைக் கொடுத்து நடைபெற்ற இந்திய வீட்டுத் திட்டம் வீடொன்றுக்கு 5,50,000 ரூபாய் அளித்தது. பணம் போதாமல் நகையை அடகுவைத்தவர்கள் இக்கூட்டத்திலே இருக்கிறார்கள். என்றாலும் கற்சுவர் எழுந்தது, கூரை எழுந்தது. பின்னர் 2016 அளவில் 65,000 இரும்பு வீடுகளைக் கொண்டுவர முயன்றபோது, ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் எதற்கு, இந்த வெயிலில் இரும்புக்குள் மனிதன் வாழ்வானா என்று பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் வாதாடினர், அத்திட்டம் கைவிடப்பட்டது. வாதாடியது சரியே. ஆனால் கல்லா இரும்பா என்று கேட்ட அந்நாட்களில், அந்த வீட்டுக்குப் போகும் வழி யாருடையது என்ற கேள்வி அரிதாகவே எழுந்தது. அதன் பின் வந்த மாதிரிக் கிராமங்களின் கதை வேறு விதம். 2019 இறுதியில் ஆட்சி மாறியதும் பல இடங்களில் தவணைப் பணம் நின்று, அரைச்சுவரோடு குடும்பங்கள் நின்றன. வீட்டுக்கே அந்தக் கதி என்றால் ஒழுங்கைக்கு எக்கதி என்று சொல்லவும் வேண்டுமா?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். காணியை அளப்பது நில அளவைத் திணைக்களம். அனுமதிப்பத்திரம் கொடுப்பது பிரதேச செயலகம். வீட்டுக்குப் பணம் தருவது வீடமைப்பு அதிகாரசபையோ தொண்டு நிறுவனமோ. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையைச் சேர்ந்தவை; சி, டி தர வீதிகள் மாகாணத்தைச் சேர்ந்தவை; எஞ்சிய ஒழுங்கைகளெல்லாம் பிரதேச சபையின் தலையில். ஆக, வரைபடத்தில் இரண்டு கோடுகளாகக் கீறப்பட்ட வழி, நிலத்தில் வீதியாகிச் சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறும்வரை அது யாருக்கும் பிள்ளையன்று. பதிவேட்டில் இல்லாத வீதிக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சதமும் ஒதுக்க முடியாது என்று சபை சொல்லும். சட்டப்படி அது பிழையான பதிலுமன்று. பிழை அதற்கு முன்னரே, வரைபடத்துக்குக் கையொப்பம் வைத்த நாளிலேயே நடந்துவிட்டது.

தனியார் காணியைத் துண்டாடி விற்பவருக்கு இந்நாட்டில் விதி இருக்கிறது. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் ஏட்டில் உள்ளது. 1978 ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 1986 இல் வந்த ஒழுங்குவிதிகள், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால் வீதி போக எஞ்சிய நிலத்தில் பத்திலொரு பங்கைப் பொதுத் தேவைக்கு விடவேண்டும் என்றன. நகரப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களுக்கே அவ்விதிகள் உரியன என்று அதிகாரிகள் விடை சொல்வார்கள். சொல்லட்டும். கொழும்பில் காணி விற்கும் வியாபாரியைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு நிலம் விடச் செய்யும் அரசு, தன் சொந்தக் காணியைத் துண்டாடி ஏழைகளுக்குக் கொடுக்கும்போது அந்த நியாயத்தைத் தனக்கும் ஏன் ஏற்றுக்கொள்ளக் கூடாது? நாம் கேட்பது சலுகையன்று. வியாபாரிக்கு இட்ட விதியை விதித்தவனும் கைக்கொள்ள வேண்டும் என்பதே.

கையொப்பம் வைத்தவர் யார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2018 பெப்ரவரித் தேர்தலில் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சுடன் முடிந்தது. அந்த மாதம் நடக்கவேண்டிய தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. 2025 மே 6 ஆம் திகதிதான் மக்கள் வாக்களித்தனர். இரண்டாண்டுகளுக்கு மேலாகச் சபை இருந்தது, உறுப்பினர் இல்லை. செயலாளரின் முத்திரை இருந்தது, மக்களின் குரல் இல்லை. வட மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் கலைந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலையே காணவில்லை. அக்காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட காணித் துண்டாக்கங்கள் எத்தனை, அவற்றின் ஒழுங்கைகளில் எத்தனை பதிவேட்டில் ஏறின என்று இன்றைய உறுப்பினர்கள் சபையில் கேள்வி எழுப்பவேண்டும். எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும் சரி.

கோடையில் கீறிய படம் மாரியில் பொய்த்துப்போகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருகிய வெள்ளம் பல்லாயிரம் குடும்பங்களை வீட்டைவிட்டு எழுப்பியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கிற்று. நீர் தன் பழைய பாதையை மறப்பதில்லை. அப்பாதைக்குக் குறுக்கே ஒரு துண்டுக் காணியும், அதன்மேல் ஒரு வீடும், வீட்டு முன்னால் மதகில்லாத கிரவல் வீதியும் வைத்தால், முதல் மாரியில் கிரவல் போகும்; இரண்டாம் மாரியில் அத்திவாரம் அரிக்கும்.

இங்கே சிலர் ஒரு யோசனை சொல்கிறார்கள். சபையிடம் பணமில்லை, ஆதலால் ஒவ்வொரு புதிய குடியிருப்பும் ஒரு பராமரிப்பு வட்டாரமாக அமைந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று தண்டி, தன் வீதியையும் விளக்கையும் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் வாதம். இது வெளிநாட்டில் உள்ள முறைதான். அமெரிக்காவின் கலிபோர்ணியாவில், நகரசபை புதிய குடியிருப்பை அங்கீகரிக்கும்போதே இத்தகைய வட்டாரத்தை அமைத்து, தெருவிளக்கு, மரஞ்செடி, பூங்கா ஆகியவற்றின் செலவை ஒவ்வொரு வீட்டுக் காணியின் மீதும் ஆண்டுதோறும் விதிக்க 1972 ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடமளிக்கிறது. 1978 இல் அம்மாநில மக்கள் வாக்களித்து ஆதன வரிக்கு உச்ச எல்லை வைத்துவிட்டார்கள். வருமானம் இழந்த நகரசபைகள் இவ்வழியை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டன. 1996 இல் மக்கள் மறுபடியும் வாக்களித்து, காணிச் சொந்தக்காரரிடம் வாக்குக் கேளாமல் இத்தகைய அறவீட்டைப் புதிதாக விதிக்கக் கூடாது என்று கட்டினார்கள்.

நல்ல ஏற்பாடு என்று தோன்றும். ஆனால் உட்புகுந்து பாருங்கள். குடியிருப்பு அமையும் நாளில் காணி முழுவதற்கும் சொந்தக்காரன் வீடு கட்டி விற்கும் நிறுவனம். வாக்குரிமையும் அவனுடையதே. அவன் தானே வாக்களித்து, தானே ஏற்று, வட்டாரத்தை அமைத்துவிடுகிறான். பின்னர் வீடு வாங்கிக் குடிவருபவன், தான் பிறவாத காலத்துக் கடனைப் போல அந்த அறவீட்டைச் சுமக்கிறான். வாக்கு இருந்தது, வாக்களித்தவன் வேறு, கட்டுபவன் வேறு.

அதே ஆபத்து விசுவமடுவில் வேறு உருவில் வரும். அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கே வாக்கு என்று வைத்தால் என்ன நடக்கும்? கணவன் பெயரில் பத்திரம். கணவன் 2009 க்குப் பின் திரும்பவில்லை. மரணச் சான்றிதழ் வாங்க மனைவியின் மனம் ஒப்பவில்லை. வாரிசு வரிசையில் ஆணுக்கு முதலிடம் கொடுத்த பழைய விதி 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியபோதிலும், பெயர் மாற்றாத பத்திரங்கள் பெட்டிகளில் கிடக்கின்றன. அந்தத் தாய் மாதாமாதம் பணம் கட்டுவாள். கையுயர்த்த மட்டும் உரிமையில்லை. இதற்கு நாம் ஒருபோதும் உடன்படோம். யார் அவ்வீட்டில் அடுப்பெரிக்கிறாரோ அவருக்கே வாக்கு இருக்கவேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. அங்கே விளைநிலங்களைத் துண்டாடி, அங்கீகாரமின்றி மனைகளாக விற்றவர்கள் ஏராளம். 2016 செப்டெம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று தடைவிதித்தது. மறுவருடம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகாரம் கொடுக்கத் தொடங்கிற்று. வாங்கியவன் இரண்டு முறை பணம் கொடுத்தான். அங்கே முறையாக அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவில் வீதிகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளூராட்சி மன்றத்திடம் முதலில் ஒப்படைக்கவேண்டும் என்ற நியதி இருக்கிறது. அந்த ஒரு நியதி எமக்கு வேண்டும்: முதலில் வீதி ஒப்படைக்கப்படட்டும், பிறகு துண்டு கையளிக்கப்படட்டும்.

அப்படியானால் பராமரிப்புக்கு மக்கள் எதுவுமே செய்யவேண்டாமா என்று கேட்பீர்கள். அதற்கு விடை கலிபோர்ணியாவில் இல்லை. உங்கள் வயலில் இருக்கிறது. குளக்கட்டும் துருசும் கலிங்கும் திணைக்களத்தின் பொறுப்பு. வயல் வாய்க்கால் கமக்காரனின் பொறுப்பு. காலபோகத்துக்கு முன் கூட்டம் கூடி, இன்ன திகதிக்குள் துப்பரவு, இன்ன திகதிக்குத் தண்ணீர் என்று முடிவாகிறது. அவரவர் காணி அளவுக்கு ஏற்ற நீளத்தை அவரவர் வெட்டித் துப்பரவாக்குகிறார்கள். விதானைமார் பார்த்த அந்த வேலை 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தால் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கும், காலப்போக்கில் கமக்கார அமைப்புகளுக்கும் வந்தது. துருசு உடைந்தால் கமக்காரனைக் கட்டச் சொல்பவர் எவருமில்லை. வாய்க்காலில் புல் மண்டினால் திணைக்களத்தைக் கூப்பிடும் கமக்காரனுமில்லை. எல்லை எங்கே என்பது இருதரப்புக்கும் தெரியும்.

வீதிக்கும் அதே எல்லையைப் போடுவோம். மதகு, கிரவல், தார், விளக்குக் கம்பம் ஆகியவை சபையின் துருசுகள். கானில் மண்டும் புல், ஒழுங்கையோரப் பற்றை, சிறுவர் விளையாடும் நிலத்தின் துப்பரவு ஆகியவை எமது வாய்க்கால்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது வீடுகள் மாதம் 100 ரூபாய் வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 72,000 ரூபாய். கான் வெட்டவும் மின்குமிழ் மாற்றவும் அது உதவும். ஒரு மதகு கட்ட உதவாது. வெள்ளத்தில் போன கிரவலைத் திரும்பக் கொட்டவும் காணாது. இந்த 72,000 ரூபாயைக் காட்டி, உங்களுக்குத்தான் சங்கம் இருக்கிறதே என்று சபை கைகழுவுமானால், அது பராமரிப்பு வட்டாரமன்று. ஏழை தன் வீதிக்குத் தானே போட்டுக்கொள்ளும் இரட்டை வரி. உறுதியில்லாதவர் வரி கட்டுவதில்லை, ஆகவே அவருக்கு வீதியுமில்லை என்ற பேச்சை அலுவலகங்களில் கேட்டு எமக்கு அலுத்துவிட்டது. உறுதி கொடுக்கவேண்டியவர் யார்? கொடாதவரே அதைக் காரணங்காட்டுவது எந்த ஊர் நீதி?

எனவே, இனி இப்பகுதியில் சபையின் முன் வரும் எந்த வரைபடமாயினும், வீதியும் கானும் பொது நிலமும் சபையின் பெயரில் ஏறிய பின்னரே அங்கீகரிக்கப்படவேண்டும். மாரி காலத்தில் நீர் ஓடும் வழியை ஊரார் முன்னிலையில் பார்த்துக் குறித்த பின்னரே துண்டுகள் கீறப்படவேண்டும். குடியிருப்பாரிடம் ஏதேனும் தண்டுவதானால், குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டாரின் வாக்கும் கேட்கப்பட்டு, தனிக் கணக்கில் இடப்பட்டு, சனசமூக நிலையத்துப் பலகையில் மாதந்தோறும் வரவு செலவு ஒட்டப்படவேண்டும். சபை தன் பங்கை அதே பலகையில் எழுதவேண்டும்.

பழைய ஒழுங்கைகளுக்கு ஒரு வேலை உடனே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் வீதிப் பதிவேட்டின் பிரதியை எவரும் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். விசுவமடு மேற்கு, விசுவமடு கிழக்கு, உடையார்கட்டு, வள்ளுவர்புரம், இருட்டுமடு ஆகிய இடங்களுக்கு வெவ்வேறாக விண்ணப்பம் எழுதுவோம். பதிவேட்டில் இல்லாத ஒவ்வொரு ஒழுங்கைக்கும், அதன் இரு முனைகளையும் அங்குள்ள வீடுகளின் தொகையையும் நீர் தேங்கும் இடங்களையும் குறித்து, பதிவேட்டில் ஏற்றும்படி கோரும் மனுவைச் சபையின் அடுத்த கூட்டத்துக்கு முன் தவிசாளரிடம் நேரில் கையளிப்போம்.

படிவங்கள் அந்த மேசையில் இருக்கின்றன. எழுதிக்கொடுக்க இளைஞர் சிலர் நிற்கிறார்கள். ஒழுங்கைக்குப் பெயர் இல்லையென்றால் யோசிக்க வேண்டாம். யாருடைய வீட்டடியில் தொடங்கி யாருடைய கிணற்றடியில் முடிகிறது என்று எழுதினால் போதும்.