ஒருவன் சுமையும் ஒரு குழுவின் வாழ்வும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் இசைக்குழுவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் இளைஞர்கள் பறையும் பாட்டுமாகக் குழு அமைக்கின்றனர், மகிழ்ச்சி. ஆனால் அக்குழுவில் பெரும்பாலும் ஒருவனே அனைத்தையும் சுமக்கின்றான். பாட்டு எழுதுபவனும் அவனே. பயிற்சி அளிப்பவனும் அவனே. முன்பணம் பேசுவதும், வேன் பிடிப்பதும், பிணக்குத் தீர்ப்பதும் அவன் தலையில். இவற்றுக்கிடையே தேர்வு வருகின்றது. முதலில் கைவிடப்படுவது படிப்பே. எனவே இது கல்விச் சங்கம் கவலைகொள்ள வேண்டிய செய்திதான்.

இதற்கு வழிகாட்டி நம் தேனி மாவட்டத்திலேயே உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடியவர். மக்கள் அறிந்த மெட்டுகளில் புதிய சொற்களை அமைத்தவர், தாமே பாடியவர், குழுவையும் தாமே நடத்தியவர். கேரளத்தில் 1958-இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே அவர் பாட்டு முழங்கியது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் அத்தேர்தலில் வென்றார்.

அப்பாவலரின் குழுவில் இருந்தவர்கள் யார்? தம்பியர் பாஸ்கர், ராசையா, அமர்சிங் ஆகியோர். அரும்பு மீசையும் முளைக்காத வயது. அச்சிறுவர்களைப் பின்னால் நிற்கும் எடுபிடிகளாக அவர் வைத்திருக்கவில்லை. வாசிக்கவும் பாடவும் மேடையில் இடம் கொடுத்தார். ஊர் ஊராகச் சென்ற அம்மேடைகளே அவர்களுக்குப் பள்ளியாயின.

1968-இல் தம்பியர் சென்னை சென்றனர். வீட்டு வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று, அன்னை சின்னத்தாயம்மாள் வழியனுப்பினார். பாவலர் 1973-இல் மறைந்தார். ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976-இல். ராசையா இளையராஜாவாகத் திகழ்ந்ததை அண்ணன் காணவில்லை. எனினும் அண்ணன் ஒருவரே சுமந்த பணிகள் அழியவில்லை. இசை இளையராஜாவிடமும், பாட்டெழுதும் பணி கங்கை அமரனிடமும் வளர்ந்தன. பாஸ்கர் படத்தயாரிப்பில் ஈடுபட்டார். தலைவன் பல வேலைகளைச் செய்வது திறமை. அவற்றைப் பிறருக்குக் கற்றுக் கொடுப்பதே தலைமை.

அந்த இளையராஜாவும் மேடை அனுபவம் போதும் என்று இருந்துவிடவில்லை. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராய் அமர்ந்து மேனாட்டு இசையைப் பயின்றார். புகழுக்கு முன் பயிற்சி என்பதை நம் பிள்ளைகள் மனத்தில் இருத்த வேண்டும்.

2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவையும் நீங்கள் அறிவீர்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்த குழு அது. பறையும், கானாவும், ராப்பும் அங்கே அருகருகே நின்றன. ஒவ்வொரு கலைஞனுக்கும் தனித்த இடம் இருந்தமையால் அன்றோ அது குழுவாயிற்று!

இளைஞர்களே! மூன்று செயல்களை உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலாவது, வேலையைப் பகிருங்கள். பாட்டு ஒருவரிடம், கணக்கு ஒருவரிடம், பயண ஏற்பாடு ஒருவரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் மாற்றாள் ஒருவரைப் பழக்குங்கள்.

இரண்டாவது, கணக்கை எழுதுங்கள். நம் முன்னோர் பறையடித்தது ஊர் சுமத்திய கட்டாயத்தால். கூலி பேசும் உரிமை அவர்களுக்கு இல்லை. இன்று நீங்கள் கலைஞராகச் செல்கின்றீர்கள். தொகையையும் நேரத்தையும் தாளில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். அத்தாள் உங்கள் தன்மானத்தின் சான்று. வந்த பணத்தை அனைவரும் அறியப் பங்கிடுங்கள். குழுக்கள் உடைவது சுருதி பிசகுவதால் அன்று, கணக்கு மறைவதால்.

மூன்றாவது, தேர்வு மாதங்களில் நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளாதீர்கள். திருவிழா அடுத்த ஆண்டும் வரும்; தவறிய படிப்பைப் பிடிப்பது அரிது.

அண்ணல் அம்பேத்கர் சட்ட அறிஞர், ஆசிரியர், பத்திரிகையாளர், அமைச்சர் எனப் பல பொறுப்புகளை ஏற்றவர். அவரும் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, தம் காலத்திற்குப் பின்னும் பணி தொடர வழிசெய்தார். நம் சங்கம் 25 ஆண்டுகள் நிலைத்ததும் பலர் தோள் கொடுத்ததால்தான். உங்கள் குழுவும் அவ்வாறே நிலைக்கட்டும்! பறை ஒலிக்கட்டும், பாடநூலும் திறந்திருக்கட்டும் என்று கூறி அமைகின்றேன்.